குரலும் வங்கிக் கணக்கும்

வங்கியொன்றுக்குள் நுழையும் ஒருவரை இன்னார்தாம் என்று வங்கியினர் அறிந்துகொண்ட முறை நெடுங்காலமாக இரண்டே. ஒன்று முகம், மற்றையது கையொப்பம். சிற்றூர்க் கிளையொன்றிற் பல்லாண்டு பணியாற்றிய இலிகிதர், வாடிக்கையாளரைக் கண்டவுடன் பெயர் சொல்லி அழைப்பார். முகம் அறியாதவிடத்துக் காசோலையிலுள்ள கையொப்பத்தை வங்கியிலுள்ள மாதிரியோடு ஒப்புநோக்குவார். இவ்விரு முறைகளும் பிழைக்கு இடந்தரா என்று கூறிவிட முடியாது. ஆயினும் வந்தவர் கண்முன்னே நிற்கிறார். ஐயம் தோன்றினால் அவரை நிறுத்தி வினவலாம். பொய்யனாயின் அகப்படவும் கூடும். அகப்படுவோம் என்னும் அச்சமே வங்கிக்குப் பாதிக் காவலாக இருந்தது.

தொலைபேசி முகத்தையும் கையொப்பத்தையும் ஒருங்கே அகற்றிவிட்டது. 1989 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி பிரித்தானியாவின் லீட்ஸ் நகரத்தில் மிட்லண்ட் வங்கி ‘ஃபேர்ஸ்ட் டிரெக்ட்’ என்னும் புதிய வங்கியொன்றைத் தொடக்கியது. வாடிக்கையாளர் செல்வதற்குக் கிளைகள் இல்லாத வங்கி அது. இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியில் அழைத்து மீதித் தொகையைக் கேட்கலாம். பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்றுவிக்கலாம். காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வங்கி மூடிய பின்னர் வீடு திரும்பும் மக்களுக்கு இது பெரும் வசதியாயிற்று. ஏனைய வங்கிகளும் விரைவில் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால் அழைப்பவர் யார் என்னும் வினா வங்கியினரின் மேசைமேல் வந்து அமர்ந்துகொண்டது.

அதற்கு அவர்கள் கண்ட விடை இரகசியக் கேள்விகள். தாயாரின் கன்னிப் பருவக் குடும்பப் பெயர் யாது, பிறந்த ஊர் எது, கடவுச்சொல்லின் மூன்றாம் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும் எவை என்று வரிசையாகக் கேட்டனர். முழுச் சொல்லையும் கேளாது எழுத்துகளைப் பொறுக்கிக் கேட்பதிலே ஒரு சூழ்ச்சி இருந்தது. அழைப்பை ஒட்டுக் கேட்பவனுக்கோ வங்கி ஊழியருக்கோ சொல் முழுதும் தெரியவராது. வாடிக்கையாளரின் நிலையோ வேறு. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவைத்து, விரலால் எழுத்தெண்ணி, ‘ஐந்தாவது எழுத்து இதுதான்’ என்று தடுமாறிச் சொல்வோர் பலர். எழுதிவைக்கக் கூடாது என்பது வங்கியின் அறிவுரை. எழுதிவையாமல் நினைவிற்கொள்ள முடியாது என்பது மனித இயல்பு. பல வங்கிகளிலே கணக்கு வைத்திருப்போர் ஒவ்வொன்றுக்கும் வேறு சொல்லை நினைவில் வைக்கவேண்டும். முடியாதபோது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை அமைத்துவிடுவர். ஒரு பூட்டின் திறவுகோல் களவு போயின் எல்லாப் பூட்டும் திறந்துகொள்ளும்.

இவ்விடர்ப்பாட்டை நீக்க வங்கிகள் செய்த முயற்சிகளும் எப்போதும் வரவேற்பைப் பெறவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் தொலைபேசி வங்கிச் சேவை பற்றி நடத்திய ஓர் ஆய்வு 2011 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வங்கி வாடிக்கையாளர் 62 பேர் அதிற் பங்குகொண்டனர். இரகசியக் கேள்வி மட்டும் உள்ள முறையும், அதனோடு கைக்கருவியொன்று காட்டும் ஒருமுறைக் குறியீட்டையும் சொல்லவேண்டிய முறையும் ஒப்பிடப்பட்டன. இரண்டாவது முறையே காவல் மிகுந்தது என்று அவர்கள் உணர்ந்தனர். ஆனால் அதுவே பயன்படுத்துதற்குச் சிரமமானது என்றும் மதிப்பிட்டனர். காவலும் வசதியும் ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் துலாத் தட்டுகளாக அமைந்திருப்பதை இம்முடிவு காட்டுகிறது.

இந்நிலையிலேதான் குரல் வங்கியினரின் கருத்தைக் கவர்ந்தது. நினைவில் வைக்கவேண்டியதில்லை; வீட்டிலே மறந்துவிட்டு வரவும் முடியாது. தொலைபேசியில் அழைப்பவர் எப்படியும் பேசத்தான் போகிறார். அப்பேச்சைக் கொண்டே ஆளை அறிந்துகொண்டால், காவலும் வசதியும் ஒருங்கே கிட்டும் அன்றோ? அடுத்த அறையில் இருமுகின்றவர் யாரென்று வீட்டார் அறிவர். கண்பார்வையற்றோர் முகத்துக்குப் பதிலாகக் குரலைக் கொண்டே உற்றாரை அறிகின்றனர். மனிதர் இயல்பாகச் செய்வதை இயந்திரத்தைக் கொண்டு செய்விப்பதே நோக்கம்.

குரல் எவ்வாறு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். நுரையீரலிலிருந்து எழும் காற்று மிடற்றிலுள்ள குரல்நாண்களை அதிரச் செய்கிறது. வளர்ந்த ஆண்களிடத்தில் இவ்வதிர்வு செக்கனுக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை அளவிலும், பெண்களிடத்தில் இருநூறு தடவை அளவிலும் நிகழ்வது பெரும்பான்மை. அவ்வொலி தொண்டை, வாய், மூக்கு ஆகிய குழிகளின் ஊடாக வெளிவருகிறது. வளர்ந்த ஆணொருவரில் மிடற்றிலிருந்து உதடுவரையுள்ள இக்குழாயின் நீளம் ஏறக்குறைய 17 சதமமீற்றர். குழாயின் நீளமும் வளைவும், பல்வரிசையும், நாவசையும் பழக்கமும் சில அதிர்வுகளை மிகுவித்துச் சிலவற்றை அடக்குகின்றன. இருவரின் குழல்கள் முற்றும் ஒத்திருப்பது அரிது. இதனோடு ஊர் வழக்கு, பேச்சின் வேகம், எங்கே நிறுத்தி மூச்செடுப்பது என்னும் பழக்கம் முதலியனவும் சேர்கின்றன. வங்கியின் கணினி பேச்சை மிகச் சிறு துண்டுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வெவ் அதிர்வு எவ்வளவு வலிமையுடையது என்று அளந்து, அவற்றை எண்களாக்கிச் சேமித்துக்கொள்கிறது. இவ்வெண் தொகுதியையே ‘குரற்பதிவு’ என வழங்குவர். மறுமுறை அழைக்கும்போது எழும் எண்களை முன்னைய எண்களோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மதிப்பெண் இடுகிறது.

‘குரற்பதிவு’ என்னும் சொல்லே மக்களிடத்தில் ஒரு மயக்கத்தை விளைவித்தது எனலாம். கைரேகைப் பதிவை நினைவூட்டும் இச்சொல் அமெரிக்காவில் வேரூன்றியது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த லோரன்ஸ் கேர்ஸ்டா என்பவர், குரலின் அதிர்வுகளைப் படமாக வரைந்து அதனால் ஆளை அடையாளம் காணலாம் என்று 1962 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நீதிமன்றங்கள் சிலவும் அப்படங்களைச் சான்றாக ஏற்றன. பின்னர் 1979 இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிப் பேரவை அமைத்த அறிஞர் குழு, இம்முறையின் நம்பகத்தன்மை போதிய அளவு நிறுவப்படவில்லை என்று எச்சரித்தது. கைரேகை உடலில் உள்ள பொருள். கோபத்தில் ஒருவகையாகவும் அமைதியில் மற்றொரு வகையாகவும் அது மாறுவதில்லை. குரலோ ஒரு செயல். தடிமன் பிடித்தவன் குரலும், உறங்கியெழுந்தவன் குரலும், துயருற்றவன் குரலும் ஒருவனுடையனவாயினும் ஒன்றல்ல. ஆண்டுகள் செல்லச் செல்லக் குரலும் முதுமை அடைகிறது.

தொலைபேசியும் தன் பங்குக்குக் குரலைக் குறைத்தே கொண்டுசெல்கிறது. பழைய தொலைபேசிக் கம்பிகள் செக்கனுக்கு ஏறக்குறைய 300 முதல் 3400 வரையான அதிர்வுகளையே கடத்துமாறு அமைக்கப்பட்டன. பேச்சை விளங்கிக்கொள்ள அது போதும். குரலின் நுண்மைகள் பல அதற்கு மேலே நிற்பவை. ஆங்கிலத்தில் ‘எஸ்’, ‘எஃப்’ என்னும் எழுத்துகளின் ஒலிகள் தொலைபேசியில் ஒன்றுபோலக் கேட்பதும், பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லவேண்டி வருவதும் இதனாலேதான். கைத்தொலைபேசியோ ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது. வீட்டின் அமைதியிற் கம்பித் தொலைபேசி வழியாகக் குரலைப் பதிந்த ஒருவர், மழைநாளிலே பேருந்து நிலையத்தில் நின்று கைத்தொலைபேசியில் அழைப்பாராயின், கணினிக்குக் கிட்டுவது அவர் குரலும் தெருவின் குரலும் கலந்த ஒன்று.

இக்குறைகளைக் கணினியியலார் அறியாதவர் அல்லர். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவகம் 1996 முதல் குரலறி முறைகளை ஒப்பிட்டுப் பரீட்சித்து வந்துள்ளது. முறைகளும் ஆண்டுக்கு ஆண்டு திருந்தின. ஆயினும் எத்துணைத் திருந்தினும் இருவகைப் பிழைகள் நீங்குவதில்லை. உரியவரை அல்லர் என்று தள்ளுவது ஒரு பிழை. அல்லாதவரை உரியவர் என்று ஏற்பது மற்றைய பிழை. மதிப்பெண் எத்தனைக்கு மேற்பட்டால் ஏற்பது என்னும் எல்லையை உயர்த்தினால் முதற்பிழை பெருகும். தாழ்த்தினால் இரண்டாம் பிழை பெருகும். எல்லையை எங்கே வைப்பது என்பது கணினி தீர்மானிப்பதன்று. வங்கியின் முகாமையாளர் தீர்மானிப்பது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் விளைவு தெளிவாகும். ஒரு வங்கிக்கு நாளொன்றுக்கு ஓர் இலட்சம் பேர் அழைக்கின்றனர் என்றும், அவருட் பத்துப் பேர் வஞ்சகர் என்றும் கொள்வோம். நூறு உண்மை வாடிக்கையாளருள் ஒருவரை மட்டுமே தவறாகத் தள்ளும் நல்ல இயந்திரம் அங்கே உள்ளது. வஞ்சகர் பதின்மரையும் அது பிடித்துவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அன்று தள்ளப்படுவோர் தொகை ஏறக்குறைய ஆயிரத்துப் பத்து. அவருள் ஆயிரம் பேர் குற்றமற்றவர். ‘குரல் பொருந்தவில்லை’ என்னும் செய்தியோடு தம்மிடம் வரும் நூற்றொருவரில் நூறு பேர் உண்மையானவரே என்பதை வங்கி ஊழியர் சில நாட்களிலேயே கண்டுகொள்வார். அதன் பின்னர் அவர் என்ன செய்வார்? இயந்திரத்தின் சொல்லைப் பொருட்படுத்தாது, ‘தடிமன் போலும்’ என்று இன்மொழி கூறி, பழைய இரகசியக் கேள்வி இரண்டைக் கேட்டு உள்ளே விடுவார். வஞ்சகனும் அக்கூட்டத்தோடு கூட்டமாய் நுழையக்கூடும். குரலறி முறை எவ்வளவு வலியதாயினும், அது தவறும்போது செல்லும் பக்கவழி மெலிந்ததாயின் முழு வீட்டின் காவலும் அப்பக்கவழியின் காவலே. இம்முறையைப் புகழ்ந்துரைக்கும் வர்த்தக விளம்பரங்கள் இதைக் கூறுவதில்லை.

வங்கிகளிலே குரலறி முறை இரு வடிவங்களிற் புகுந்தது. ஒன்றில் வாடிக்கையாளர் எதையும் தனியே சொல்லவேண்டியதில்லை. ஊழியரோடு தம் அலுவலைப் பேசிக்கொண்டிருக்கையிலேயே கணினி பின்னிருந்து கேட்டு ஒப்பிட்டு, ஊழியரின் திரையில் முடிவைக் காட்டிவிடும். பார்க்கிளேஸ் வங்கியின் செல்வந்தர் பிரிவு 2013 ஆம் ஆண்டளவில் இம்முறையைக் கையாண்டது. மற்றையதில் வாடிக்கையாளர் குறித்த ஒரு தொடரைச் சொல்லவேண்டும். 2016 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் எச்.எஸ்.பி.சி. வங்கியும், அதன் உடைமையாகிவிட்ட ஃபேர்ஸ்ட் டிரெக்ட் வங்கியும் அறிமுகஞ் செய்தது இவ்வகையையே. ‘என் குரலே என் கடவுச்சொல்’ என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடரைச் சிலமுறை சொல்லிப் பதிந்துகொண்டால், அதன்பின் அத்தொடரை ஒருமுறை சொல்வதே போதும். எல்லா வாடிக்கையாளருக்கும் தொடர் ஒன்றே, அது இரகசியமுமன்று. இரகசியம் குரலில் உள்ளது என்பதே வங்கியின் எண்ணம்.

பயன்படுத்துவோர் கண்கொண்டு நோக்கின் இரு வடிவங்களுக்கும் வேறுபாடு உண்டு. தொடரைச் சொல்லும் முறையில் தாம் சோதிக்கப்படுகிறோம் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும். எப்போது சொல்வது, எவ்வளவு உரக்கச் சொல்வது என்று அவர் ஆயத்தமாகலாம். ஆனால் அலுவலகத்திலே பலர் நடுவில் அமர்ந்து, ‘என் குரலே என் கடவுச்சொல்’ என்று இயந்திரத்தை நோக்கிக் கூறுதற்கு நாணுவோர் உண்டு. நாணத்தாற் குரலைத் தாழ்த்தினால் மதிப்பெண்ணும் தாழும். இலக்கங்களைச் சொல்லச் செய்யும் முறைகளும் உள. கணக்கிலக்கத்தைத் தொலைபேசியிற் சொல்வது மக்களுக்குப் பழகியதாதலின் அங்கே கூச்சம் குறைவு. பின்னிருந்து கேட்கும் முறையில் இத்தொல்லை ஒன்றுமில்லை. ஆயின் தம் குரல் அளக்கப்படுவதை வாடிக்கையாளர் உணரார். எளிமை மிகுந்து கண்ணுக்கே தெரியாது போகும்போது, உடன்பாடு பெற்றார்களா என்னும் கேள்வி பிறக்கிறது.

இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பிரித்தானிய அரசின் வரித் திணைக்களம் 2017 முதல், அழைப்பவர்களைத் தொடரொன்றைச் சொல்லச் செய்து குரலைப் பதிந்து வந்தது. மறுக்கும் உரிமை உண்டென்பதை மக்களுக்குத் தெளிவாகக் கூறவில்லை என்றும், முறையான உடன்பாடு பெறவில்லை என்றும் முறைப்பாடு எழுந்தது. அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் விசாரித்து, 2019 மே மாதத்தில், உடன்பாடு பெறாது சேர்த்த பதிவுகளை அழிக்குமாறு பணித்தார். ஏறக்குறைய ஐம்பது இலட்சம் மக்களின் குரற்பதிவுகள் அழிக்கவேண்டியனவாயின.

இனி, குரலறி முறை யாருக்கு மெய்யான நன்மை செய்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும். நினைவு தளர்ந்த முதியவர், விரல்மூட்டு வாதத்தால் பொத்தான்களை அழுத்த இயலாதவர், திரையைப் பார்க்கவியலாத கண்பார்வையற்றவர் ஆகியோருக்கு இது வாராது வந்த உதவி. கடவுச்சொல்லை மூன்றுமுறை தவறாகச் சொல்லிக் கணக்குப் பூட்டப்பட்டு, அதைத் திறப்பதற்காகக் கிளை தேடிச் செல்லும் அலைச்சல் அவர்களுக்கு ஒழிந்தது. பிறர் உதவியின்றித் தம் பணத்தைத் தாமே கையாளும் மதிப்பும் கிட்டியது. இளைஞருக்கு அரை நிமிட வசதியாகத் தோன்றும் ஒன்று இவர்களுக்குத் தற்சார்பு.

அதே வேளையில் இம்முறை வெளியே நிறுத்திய மக்களும் உளர். பாரிசவாதத்தாற் பேச்சுக் குழறியவர், நடுக்கு வாதத்தாற் குரல் மெலிந்து போனவர், மிடற்றை அறுவைச் சிகிச்சையால் இழந்தவர், திக்குவாய் உடையவர் ஆகியோரைக் கணினி எளிதில் ஏற்பதில்லை. செவிப்புலனற்றோர் பலர் இடைச்சேவை மூலம் வங்கியோடு தொடர்புகொள்கின்றனர். அவர் தட்டெழுத, நடுவிலிருக்கும் பணியாளர் அதை வாய்விட்டுச் சொல்வார். அங்கே வங்கிக்குக் கேட்பது பணியாளரின் குரலே அன்றி வாடிக்கையாளரின் குரலன்று. நோயுற்ற தாய்க்காக மகள் அழைக்கும் வீடுகளும் எண்ணிறந்தன. கடவுச்சொல்லைத் தாய் மகளிடம் சொல்லிவைக்கலாம். அது விதிக்கு மாறாயினும் உலகில் நடப்பது. குரலை அவ்வாறு கைமாற்ற இயலாது. காவலின் நோக்கில் இது நன்மை. இல்லறத்தின் நோக்கில் இடையூறு.

வஞ்சகரின் கைத்திறம் பற்றிய கதை இதனினும் விரைவாக மாறியது. 1992 இல் வெளியான ‘ஸ்னீக்கர்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், ஒருவர் வெவ்வேறு வேளைகளிற் பேசிய சொற்களை ஒலிநாடாவிற் பதிந்து, வெட்டி ஒட்டிக் குரற்பூட்டைத் திறக்கும் காட்சி ஒன்று உண்டு. மெய்யான வங்கிகள் குரலை நாடியபோது, ஒலிப்பதிவைக் கண்டுபிடிக்கும் உபாயங்களையும் உடன் அமைத்தன. ஒவ்வொரு முறையும் புதிய இலக்கங்களைச் சொல்லுமாறு கேட்டால் பழைய ஒலிப்பதிவு பயன்படாது என்பதும் அறியப்பட்டிருந்தது. 2017 மே மாதத்தில் பி.பி.சி. நிறுவனத்தின் நிருபர் ஒருவர் எச்.எஸ்.பி.சி. வங்கியிற் கணக்குத் திறந்து குரலைப் பதிந்தார். உருவொவ்வாத இரட்டையரான அவருடைய சகோதரர் அவர் குரலைப் போன்று பேசி அழைத்தார். ஏழுமுறை இயந்திரம் மறுத்தது. எட்டாம் முறை ஏற்றுக்கொண்டது. மீதித் தொகையையும் அண்மைய கொடுக்கல் வாங்கல்களையும் அவர் அறிய முடிந்தது; பணத்தை வெளியே எடுக்க முடியவில்லை. இந்நிகழ்ச்சியில் வியப்புக்குரியது சகோதரர் ஏமாற்றியதன்று. எட்டுமுறை முயல இடமளித்ததே. இயந்திரத்தைக் காட்டிலும் அதைச் சூழ்ந்த விதியே அங்கு நெகிழ்ந்திருந்தது.

ஆனால் உலகில் இரட்டையர் சிலரே. 2023 ஆம் ஆண்டில் அவ்வாறு ஆறுதல் கூறவும் இடமில்லாது போயிற்று. அவ்வாண்டு சனவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனத்து ஆய்வாளர், மூன்று செக்கன் பேச்சைக் கேட்டே அக்குரலிற் புதிய சொற்களைப் பேசவல்ல கணினி முறை ஒன்றை விவரித்தனர். அடுத்த மாதத்தில், ‘வைஸ்’ என்னும் ஊடக நிறுவனத்தின் நிருபர் ஒருவர், இணையத்தில் எவருக்கும் கிடைக்கும் செயற்கைக் குரற் சேவையொன்றிலே தம் குரலின் போலியைச் செய்வித்தார். அதைக் கொண்டு லொயிட்ஸ் வங்கியிலுள்ள தம் கணக்கைத் தொலைபேசியில் அழைத்தார். தொடக்க முயற்சிகள் பலிக்கவில்லை. போலியைச் சற்றுத் திருத்தியபின் கணினி அதை ஏற்றது. குரலோடு அவர் கொடுக்கவேண்டியிருந்தது பிறந்த திகதி மட்டுமே. மார்ச் மாதத்தில் அவுஸ்திரேலியாவில் ‘கார்டியன்’ பத்திரிகையின் நிருபர் ஒருவர், நான்கு நிமிடப் பேச்சிலிருந்து உண்டாக்கிய போலிக் குரலாலும் தம் வாடிக்கையாளர் இலக்கத்தாலும் அரசின் சமூகநலக் கொடுப்பனவுச் சேவையினுள் நுழைந்து காட்டினார். மே மாதத்தில் அமெரிக்க மூதவையின் வங்கிக் குழுத் தலைவர் செரொட் பிரவுன், அந்நாட்டுப் பெருவங்கிகளுக்குக் கடிதம் எழுதி, குரலைக் கொண்டு ஆளறியும் முறையின் காவல் பற்றி விளக்கங் கேட்டார்.

இங்கே மாறியது யாது என்பதை நுணுகி நோக்க வேண்டும். முன்னர்க் குரல்களவு செய்பவன் ஆளுக்கு அருகிலிருந்து பதியவேண்டும், அல்லது இயல்பான பகடிக்காரனாக இருக்கவேண்டும். இப்போது திருமண விழாவின் ஒளிப்பதிவும், பாடசாலைக் கூட்டத்துப் பேச்சும், தொலைபேசியில் விடுத்த செய்தியும் மூலப்பொருளாகிவிடுகின்றன. வானொலியிற் பேசுவோர் நிலை சொல்லவேண்டியதில்லை. அவர்தம் குரல் ஊரெங்கும் பரந்து கிடக்கிறது. போலிக் குரல் வேண்டிய சொல்லை வேண்டியவாறே பேசவல்லதாதலின், புதிய இலக்கங்களைச் சொல்லுமாறு கேட்கும் பழைய உபாயமும் வலுவிழந்தது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிவிடலாம். குரலை மாற்ற இயலாது. களவு போனது போனதே.

போலிக் குரலைப் பிடிப்பதற்கும் ஆராய்ச்சி நடைபெறாமல் இல்லை. பல நாட்டு ஆய்வாளர் 2015 முதல் பொதுவான போட்டிப் பரீட்சைகளை நடத்தி, செயற்கைக் குரலையும் திரும்ப ஒலிக்கச் செய்த பதிவையும் வேறுபடுத்தும் முறைகளை அளந்து வருகின்றனர். அங்கே திரும்பத் திரும்பக் காணப்பட்டது ஒன்று. முன்பு கண்டு பழகிய போலியை இயந்திரம் நன்கு பிடிக்கிறது. முன்பு காணாத வகைப் போலி வந்தால் தடுமாறுகிறது. காவலன் பழைய கள்வரின் முகங்களை மட்டும் மனனஞ் செய்து வைத்திருப்பதைப் போன்றது இது. மேலும், போலியைப் பிடிக்கும் வேகத்தில் எல்லையை உயர்த்தினால், தடிமன் பிடித்த உண்மை வாடிக்கையாளரே மறுபடியும் வெளியே நிற்பார்.

குரலைப் போலி செய்யும் கருவிகளைச் செய்தவர்களே இப்போது எச்சரிக்கின்றனர். ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2024 மார்ச்சில், பதினைந்து செக்கன் பேச்சிலிருந்து குரலைப் படைக்கும் தன் கருவியை அறிவித்தபோது, வங்கிக் கணக்குகளுக்குக் குரலைத் திறவுகோலாகக் கொள்ளும் வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று கூறியது. 2025 சூலையில் அதன் தலைவர் சாம் ஆல்ட்மன், வொஷிங்டனில் மத்திய வங்கி கூட்டிய மாநாட்டில், இன்னும் சில நிதி நிறுவனங்கள் குரற்பதிவை ஏற்பது தம்மை அச்சுறுத்துகிறது என்றார். தீப்பெட்டி விற்பவர் ஓலைக் கூரை வேயாதீர் என்று அறிவுறுத்துவது போன்ற இவ்வெச்சரிக்கையைச் சிலர் நகைத்தனர். சொன்னவர் யாராயினும் சொன்ன பொருள் உண்மையே.

ஆயின் குரலை அறவே விலக்குவதே வழி என்று கூறுவோர், அதனால் உதவி பெற்ற முதியவரையும் கண்பார்வையற்றவரையும் மறந்துவிடுகின்றனர். குரலுக்குப் பதிலாக வங்கிகள் நீட்டுவது பெரும்பாலும் கைத்தொலைபேசிச் செயலியும், அதற்கு வரும் குறியீடுமே. அக்குறியீட்டைச் சிறு திரையில் வாசித்துக் குறித்த நேரத்துள் அழுத்த இயலாமையினாலேதான் அவர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். கிளைகள் ஒன்றொன்றாக மூடப்பட்டுவரும் பிரித்தானிய ஊர்களிலே அவர்களுக்கு வேறு போக்கிடமும் குறைவு.

நடுவழி ஒன்று உண்டு, அது புதுமையானதன்று. பழைய வங்கி இலிகிதர் முகமறிந்தவருக்கு மீதித் தொகையைச் சொன்னார்; பெருந்தொகை எடுக்க வந்தால் முகம் அறிந்திருந்தும் கையொப்பம் கேட்டார். அதுபோலக் குரல் பொருந்தினால் மீதியைச் சொல்லலாம். வழக்கமாகப் பணம் செலுத்தும் மின்சாரக் கட்டணத்தைச் செலுத்தலாம். முன்பு பணம் அனுப்பியிராத புதியவர் ஒருவரின் கணக்குக்கு அனுப்பக் கேட்டால், குரல் மட்டும் போதாது என்று நிறுத்தவேண்டும். அவ்வேளையில் வங்கி அழைப்பைத் துண்டித்து, தன் ஏட்டிற் பதிந்துள்ள இலக்கத்துக்குத் தானே மீள அழைப்பது எளிய காவல். அழைப்பவரின் இலக்கமாகத் திரையில் தோன்றுவதை நம்புவதற்கில்லை. அதனையும் போலியாகக் காட்ட இயலும். வங்கி தானே அழைக்கும்போது அப்போலி பயன்படாது. முதியவர் செய்யவேண்டியது தொலைபேசியை எடுத்துப் பேசுவது மட்டுமே. நேரம் சற்றுக் கூடும். வங்கிக்குச் செலவும் கூடும். குரலறி முறையை வங்கிகள் விரும்பியதற்கு ஒவ்வோர் அழைப்பிலும் சில செக்கன்களை மிச்சப்படுத்துவதும் ஒரு காரணமாதலின், இச்செலவை மனமுவந்து ஏற்பார்களா என்பது வேறு வினா.

முயற்சிகளின் தொகையை வரையறுத்தலும், குரல் தவறியவரைக் கேட்கும் கேள்விகள் பிறந்த திகதி போன்று எவரும் அறியக்கூடியன அல்லாதிருத்தலும், பேச இயலாதோருக்குத் தொடக்கத்திலேயே வேறு வழி அமைத்துவைத்தலும் இதனோடு சேரவேண்டியவை. பின்னையதை வங்கிகள் விதிவிலக்காகக் கருதிப் படிவம் நிரப்பச் செய்கின்றன. குரலற்றவர் தாம் குரலற்றவர் என்பதை ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்க வேண்டியிருப்பது வசதியாகாது.

குரலை முன்னரே பதிந்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி உள்ளது. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், ஆளை அறிவதற்கென்று எடுக்கப்பட்ட குரற்பதிவு சட்டத்தின் தனிக் காவலுக்குரியது. வெளிப்படையான உடன்பாட்டின்மேல் கொடுக்கப்பட்டதாயின், அவ்வுடன்பாட்டை எந்நேரமும் மீளப் பெறலாம். வங்கிக்குத் தொலைபேசியிற் சொல்லிப் பதிவை நீக்குமாறு கேட்கலாம். அவ்வாறு கேட்டவரை முதலில் எம்முறையால் அடையாளம் காண்பது என்பதை ஒவ்வொரு வங்கியும் முன்கூட்டியே வகுத்துவைத்தல் வேண்டும்.